160 டன் கலன் சாலையில் போக வேண்டும்: திட்டத்தை எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான். ஓர் ஆலைக்கு 160 டன் எடை, 24 மீட்டர் நீளம், 4.8 மீட்டர் விட்டம் கொண்ட அழுத்தக் கலன் ஒன்று வருகிறது. துறைமுகத்திலிருந்து ஆலை வரை சுமார் 300 கிலோமீட்டர் சாலை. எந்த ட்ரெய்லர் வேண்டும், எத்தனை மாதம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும், போக்குவரத்து நிறுவனத்திடம் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

ட்ரெய்லர் எது என்பதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். வண்டி கிடைத்துவிடும். கிடைக்காதது வழி. ஓ.டி.சி. (அளவு மீறிய சரக்கு) வேலைகளில் கடைசி வார்த்தை சொல்வது அந்த 300 கிலோமீட்டரில் இருக்கும் மிக மோசமான ஓர் இடம்தான். அது ஒரு பழைய கல்வெர்ட்டாக (சாலைக்கு அடியில் நீர் போகும் சிறு பாலம்) இருக்கலாம், ரயில்வே மேம்பாலமாக இருக்கலாம், ஊருக்குள் ஒரு திருப்பமாக இருக்கலாம். அந்த இடம் எது என்று தெரியும் வரை மற்றதெல்லாம் ஊகக் கணக்கு.

வழியே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியில் 2006இல் நடந்தது நல்ல உதாரணம். நியூட்ரினோவின் நிறையை அளக்கும் காட்ரின் ஆய்வுக்காக 10 மீட்டர் விட்டமும் 200 டன் எடையும் கொண்ட ஒரு வெற்றிடக் கலனை டெக்கன்டார்ஃப் ஊரில் செய்தார்கள். அது போய்ச் சேர வேண்டிய கார்ல்ஸ்ரூ அங்கிருந்து சுமார் 400 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த விட்டத்தை அவ்வளவு தூரம் விடும் சாலை இல்லை. டான்யூப் ஆற்றில் இறக்கி, கருங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் என்று ஐரோப்பாவைச் சுற்றி, ரைன் ஆற்றில் ஏறி, கிட்டத்தட்ட 9,000 கிலோமீட்டர் பயணம் செய்து கொண்டுவந்தார்கள். சாலையில் போனது கடைசிச் சில கிலோமீட்டர் மட்டும்.

உங்கள் கலன் அவ்வளவு பெரிதில்லை. ஆனாலும் துறைமுகம் என்றால் பெரிய துறைமுகம்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆலைக்கு இன்னும் பக்கத்தில் ஒரு மீன்பிடித் துறையோ, பார்ஜ் (தட்டை அடிச் சரக்குப் படகு) வந்து ஒதுங்கி ட்ரெய்லர் நேராக இறங்கி வரக்கூடிய கரையோ இருந்தால், 300 கிலோமீட்டர் 60 ஆகிவிடலாம். பார்ஜ் வாடகையை மட்டும் பார்த்து மிரளுபவர்கள், இரண்டு பாலங்களைப் பலப்படுத்த ஆகும் செலவைக் கணக்கில் சேர்த்த பிறகு பேச்சை மாற்றிக்கொள்வார்கள்.

அடுத்து, கலன் இன்னும் வரைபட நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மேல்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நாசில்களை (குழாய் இணையும் வாய்கள்) பக்கவாட்டில் வருமாறு கலனைப் படுக்கவைத்தால், அல்லது அவற்றைத் தளத்தில் பொருத்திக்கொள்ளலாம் என்று வடிவமைப்பாளர் ஒப்புக்கொண்டால், உயரத்தில் அரை மீட்டர் மிச்சமாகலாம். சாடில் (கலனைத் தாங்கும் வளைந்த இருக்கை) எங்கே உட்கார வேண்டும், தூக்கும் காதுகள் (கிரேன் மாட்டும் வளையங்கள்) எங்கே வர வேண்டும் என்பதையெல்லாம் இப்போதே பேசி முடிக்க வேண்டும். மெல்லிய தகட்டுக் கலன் என்றால் தப்பான இடத்தில் சாடில் வைத்ததும் ஓடு நசுங்கி நீள்வட்டமாகிவிடும். இன்னொன்று: வெப்பச் சிகிச்சை முடிந்த கலனில் பிற்பாடு ஒரு சின்னக் கொக்கியைக்கூட வெல்டிங் வைக்கக் கூடாது. லாஷிங் (செயினால் இழுத்துக் கட்டுவது) போட இடம் இல்லை என்று துறைமுகத்தில் போய்த் தலையைச் சொறிவதைவிட, தொழிற்சாலையிலேயே அதற்கான இடத்தைச் செய்துகொண்டு வருவது எவ்வளவோ மேல்.

எடை விஷயத்தில் யாரையும் நம்பாதீர்கள் என்று சொன்னால் கடுமையாகத் தோன்றும். ஆனால் அதுதான் சரி. ஒரே பொருளுக்கு வரைபடத்தில் ஓர் எடை, பேக்கிங் பட்டியலில் ஓர் எடை, கிரேன் காட்டும் எடை வேறு என்று இருக்கும். மின்மாற்றி என்றால் எண்ணெயோடு ஓர் எடை, எண்ணெயை வடித்து உலர்காற்றோ நைட்ரஜனோ நிரப்பி அனுப்பும்போது வேறோர் எடை. கலன் என்றால் உள்ளே தட்டுகள் பொருத்தி வருகிறதா, வெறும் ஓடா என்று கேளுங்கள். சாடில், அடிக்கட்டை, உத்திரம் எல்லாம் சேர்த்த எடையைத் தனியாக எழுதி வாங்குங்கள். எடையோடு ஈர்ப்பு மையம் நீளத்தில் எங்கே, உயரத்தில் எங்கே என்பதும் வேண்டும். இது இல்லாமல் ட்ரெய்லரில் எங்கே வைப்பது என்று எவராலும் சொல்ல முடியாது.

இப்போது வண்டிக்கு வருவோம். இந்த எடைக்கு ஹைட்ராலிக் மாடுலர் ட்ரெய்லர்தான். வேண்டிய அளவுக்கு ஆக்சில் (சக்கர அச்சு) வரிசைகளைக் கோத்து நீட்டிக்கொள்ளலாம். எல்லாச் சக்கரமும் திரும்பும். மேடையை ஏறத்தாழ 30 செ.மீ. மேலே, 30 செ.மீ. கீழே என்று ஏற்றி இறக்கலாம். தோராயமாக 14 ஆக்சில் வரிசை என்று வைத்துக்கொள்வோம். வரிசைக்கு 4 டன் என்று ட்ரெய்லர் எடை 56 டன், சாடிலும் உத்திரமும் 9 டன், கலன் 160. மொத்தம் 225 டன். வரிசைக்கு 16 டன். வரிசைக்கு 8 டயர் என்பதால் டயருக்கு 2 டன். வரிசைகளுக்கு இடையே 1.5 மீட்டர் என்றால் வண்டி 21 மீட்டர் நீளம்.

டயருக்கு 2 டன் என்றதும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். சாலையின் மேல்தளத்துக்கு அது நல்ல செய்திதான். பாலத்துக்கு அது பாதிச் செய்தி. தூணுக்குத் தூண் 20 மீட்டர் இடைவெளியுள்ள பாலத்தில் உங்கள் ட்ரெய்லர் ஏறினால் கிட்டத்தட்ட 225 டன்னும் ஒரே நேரத்தில் அதன் மேல் நிற்கிறது. மீட்டருக்கு 10.7 டன் வீதம் பரப்பிக் கணக்குப் போட்டால் நடுவில் வளைவுத் திருப்புமை (பாலத்தை வளைக்கப் பார்க்கும் விளைவு) சுமார் 535 டன்-மீட்டர். அதே வண்டி 10 மீட்டர் பாலத்தில் போகும்போது 134 மட்டும்தான். ஆக்சில் கூட்டினால் போதும் என்று ஒரு யோசனை உடனே வரும். 18 வரிசை ஆக்கினால் 20 மீட்டர் பாலத்தில் 446 ஆகக் குறையும், உண்மைதான். ஆனால் வண்டியைவிட மிக நீளமான இடைவெளி கொண்ட பாலத்தில் முழு எடையும் எப்படியும் அதன் மேல்தான். கூடுதல் வரிசைகள் தங்கள் எடையையும் கொண்டுவந்து சேர்ப்பதால் அங்கே ஆதாயம் தேய்ந்துகொண்டே போகும். ஆகவே ஆக்சில் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டியவர் பாலங்களின் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர்.

பாலத்தை ஆராய்பவருக்கு ஆக்சில் எடைகள், இடைவெளிகள், புல்லரின் (இழுக்கும் வண்டி) எடை, அது ட்ரெய்லரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற விவரம் எல்லாம் வேண்டும். பெரும்பாலும் நிபந்தனையோடுதான் அனுமதி வரும்: பாலத்தின் நடுக்கோட்டில் நடை வேகத்தில் போக வேண்டும், பாலத்தின் மேல் பிரேக்கும் கியர் மாற்றமும் கூடாது, வேறு வண்டி எதுவும் உடன் ஏறக் கூடாது. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. மெதுவாக, நடுவில் போகும்போது அதிர்வுச் சுமையும் ஒருபக்கச் சுமையும் குறைகின்றன. அந்த மிச்சத்தில்தான் அனுமதியே கிடைக்கிறது. 2012இல் எண்டவர் விண்வெளி ஓடத்தை லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் கொண்டுபோனபோது, நெடுஞ்சாலைக்கு மேலுள்ள ஒரு பாலத்தை மட்டும் கடக்க, அதுவரை சுமந்துவந்த தானியங்கிச் சுமைவண்டிகளை எடுத்துவிட்டு எடை குறைந்த ஒரு டாலிக்கு (சக்கர மேடை) மாற்றி, சாதாரண பிக்கப் வண்டியை வைத்து இழுத்தார்கள். விளம்பரம் என்று பார்த்தவர்கள் உண்டு; விளம்பரமும்தான். ஆனால் பாலத்தின் மேல் எடையைக் குறைத்துப் பரப்ப வேண்டும் என்ற தேவை உண்மையானது.

பெரிய பாலங்களைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. அவற்றுக்கு வரைபடம் இருக்கும், பொறுப்பான துறை இருக்கும். பயம் காட்டுபவை கல்வெர்ட்டுகள். மேலே பார்த்தால் வெறும் சாலை. கீழே எப்போதோ போட்ட கல் பலகையோ குழாயோ. சர்வேக்குப் போகிறவர் ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தி இறங்கிக் கீழே குனிந்து பார்க்க வேண்டும். நாள் ஒன்றுக்கு 250 கிலோமீட்டர் ஓட்டி முடித்த சர்வே அறிக்கை வந்தால், அதை எழுதியவர் காரை விட்டு இறங்கவில்லை என்று அர்த்தம்.

சில கல்வெர்ட்டுகளைத் தாண்டிச் செல்ல, அவற்றின் மேல் பாரம் படாதபடி எஃகுத் தற்காலிகப் பாலம் போடலாம். வறண்ட ஓடை என்றால் பக்கத்தில் மண் பாதை போட்டு இறங்கி ஏறலாம். மழைக் காலத்தில் அந்தப் பாதை இருக்காது. பயண மாதத்தை முடிவு செய்வதில் இதற்கும் பங்கு உண்டு.

உயரத்துக்கு வருவோம். மேடை 1.2 மீட்டர், சாடில் 0.4, கலன் 4.8, மொத்தம் 6.4 மீட்டர். பல நாடுகளில் மேம்பாலங்களின் அடி உயரம் 5 முதல் 5.5 மீட்டரை ஒட்டியே இருக்கிறது. மேடையை முழுக்க இறக்கினாலும் 6.1தான். ஆக ஒவ்வொரு மேம்பாலத்திலும் கிளைச் சாலையில் விலகி மறுபக்கம் மீண்டும் ஏற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாத இடம் ஒன்றிருந்தால், இரண்டு ட்ரெய்லர்களுக்கு நடுவே கலனைத் தரையை ஒட்டித் தொங்கவிட்டுக் கொண்டுபோகும் கர்டர் அமைப்பை யோசிக்கலாம். அதில் உயரம் 5.2 அளவுக்கு இறங்கலாம். அதற்குப் பதில் நீளமும் எடையும் கூடும்.

பலகையில் எழுதிய உயரத்தை நம்பாமல் அளந்து பாருங்கள். பலகை வைத்த பிறகு சாலையின் மேல் இன்னொரு அடுக்குத் தார் போட்டிருப்பார்கள். பாலத்தின் அடியில் சாலை பள்ளமாக வளைந்திருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு: முன் சக்கரமும் பின் சக்கரமும் இருபக்கச் சரிவில் இருக்க, நடுப்பகுதி சாலையிலிருந்து உயர்ந்துவிடும். 500 மீட்டர் ஆரமுள்ள பள்ளத்தில் 20 மீட்டர் நீள வண்டிக்கு இது 10 செ.மீ. அவ்வளவுதான் மிச்சம் வைத்திருந்தீர்கள் என்றால் முடிந்தது கதை.

எந்தத் தடத்தில் போகிறோம் என்பதும் உயரத்தை மாற்றும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2013 மே 23 அன்று ஸ்காகிட் ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. பெர்மிட் வாங்கி வந்த உயரமான சரக்கு ஒன்று பாலத்தின் மேல்சட்டங்களில் இடித்ததுதான் காரணம். அந்தச் சட்டங்கள் நடுவில் உயர்ந்தும் ஓரத்தில் தாழ்ந்தும் வளைந்திருந்தன. இடதுபுறத் தடத்தில் போயிருந்தால் தப்பியிருக்கும். உயரக் கம்பு பொருத்திய பைலட் வண்டி முன்னால் போய்க்கொண்டுதான் இருந்தது. அதன் ஓட்டுநர் அப்போது தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார் என்பது விசாரணையில் தெரிந்தது. பெர்மிட் என்பது போகலாம் என்ற அனுமதி. இடிக்காது என்ற உத்தரவாதத்தை நீங்கள்தான் அளந்து உருவாக்க வேண்டும்.

மின்கம்பிகள் தொல்லை, ஆனால் தீர்க்கக்கூடிய தொல்லை. உயர் அழுத்தக் கம்பியில் தொட வேண்டும் என்றில்லை, அருகில் போனாலே ஆபத்து. ஆகவே மின்தடை நேரம் வாங்க வேண்டும், அல்லது கம்பியை உயர்த்த வேண்டும். எந்த நாளில் எந்த நேரத்தில் என்று மின்துறை முன்கூட்டியே கேட்கும். வண்டி ஒரு நாள் தாமதமானால் அந்த வரிசை முழுவதும் குலையும். திருப்பங்களுக்குக் கணினியில் பாதை வரைந்து பார்க்கும் மென்பொருள் உண்டு. அதில் சக்கரத்தின் பாதையோடு நில்லாமல், மேடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கலனின் முனை எவ்வளவு வீசும் என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். விளக்குக் கம்பத்தைத் தட்டுவது பெரும்பாலும் அந்த முனைதான்.

இழுவைக் கணக்கைப் பலர் என்ஜின் குதிரைத்திறனோடு முடித்துக்கொள்கிறார்கள். சக்கரம் வழுக்கினால் குதிரைத்திறன் எதற்கு? 225 டன் ட்ரெய்லர், முன்னால் 40 டன் புல்லர் ஒன்று, மொத்தம் 265. 6 சதவீத ஏற்றத்தில் சரிவுக்கு மட்டும் 15.9 டன் இழுவை, உருளும் தடைக்கு 1.5 சதவீதம் என்று 4 டன். கிட்டத்தட்ட 20 டன். புல்லரின் இயக்கும் ஆக்சில்களின் மேல் 30 டன் இருந்தால் உலர்ந்த சாலையில் உராய்வு 0.6 என்று 18 டன்தான் கிடைக்கும். போதாது. பின்னால் தள்ள இன்னொரு புல்லர் போட்டால் தேவை 23 டன், கிடைப்பது 36. சரி. மழை பெய்து உராய்வு 0.4க்கு இறங்கினால் கிடைப்பது 24. இரண்டு வண்டி இருந்தும் மயிரிழைதான் மிச்சம். அதனால் ஏற்றமுள்ள பகுதிகளை ஈரத்தில் கடப்பதில்லை என்று திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். அங்கே நின்றுகொண்டு முடிவெடுக்கக் கூடாது. இறக்கத்திலும் சரிவின் விசை இதேதான், திசை மட்டும் மாறும். பின்னால் உள்ள புல்லர் அப்போது பிடித்து நிறுத்துகிற வேலையைச் செய்யும்.

கவிழ்வதைப் பற்றி விவரம் தெரிந்தவர்களே குழம்புவது உண்டு. ஹைட்ராலிக் ட்ரெய்லரில் எண்ணெய்க் குழாய்களை மூன்று தொகுதியாகவோ நான்கு தொகுதியாகவோ இணைப்பார்கள். மூன்று என்றால் மேடை முறுக்கப்படாது, சரக்குக்கு நல்லது. ஆனால் தாங்கும் பரப்பு முக்கோணமாகச் சுருங்கும். உங்கள் கலனின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் வரும். இருபக்கத் தொகுதிகளின் மையங்களுக்கு இடையே 1.8 மீட்டர் என்றால், நான்கு தொகுதியில் கவிழும் கோணம் கிட்டத்தட்ட 12.7 பாகை. மூன்று தொகுதியில், முக்கோணத்தின் சரியான இடத்தில் சுமை உட்கார்ந்தாலே 8.5 பாகை அளவுதான். 7 சதவீதம் பக்கச் சாய்வுள்ள வளைவு ஒன்றே 4 பாகையைத் தின்றுவிடும். அங்கெல்லாம் ஹைட்ராலிக் ஆள் பக்கத்தில் நடந்துவந்து மேடையை மட்டமாக்கிக்கொண்டே வர வேண்டும். எத்தனை தொகுதி, கோணம் எவ்வளவு என்று கேட்டதும் பதில் வராத நிறுவனத்தோடு பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

லாஷிங்கில் ஐரோப்பியத் தரநிலை இஎன் 12195-1 முன்புறத்துக்குச் சுமையில் 0.8 பங்கும், பக்கவாட்டுக்கும் பின்புறத்துக்கும் 0.5 பங்கும் தாங்க வேண்டும் என்கிறது. 160 டன்னுக்கு முன்புறம் 128 டன். இதில் ஒரு பங்கை உராய்வு பார்த்துக்கொள்ளும். அந்தப் பங்கு சின்னதா பெரியதா என்பது இரும்பின் மேல் இரும்பை வைக்கிறீர்களா, நடுவில் ரப்பர் விரிப்போ மரமோ வைக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. வெறும் இரும்பு வழுக்கும், எண்ணெய்ப் பசை இருந்தால் கேட்கவே வேண்டாம். மலிவான ரப்பர் விரிப்பு பல செயின்களின் வேலையைச் செய்துவிடும். முதல் சில கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி எல்லாச் செயினையும் மறுபடி இறுக்க வேண்டும். எல்லாம் உட்கார்ந்து தளர்ந்திருக்கும்.

ஏற்றி இறக்குவதில் ஒரு சின்ன விஷயம் பெரிய கிரேன் செலவை மிச்சப்படுத்தும். கலனை 1.3 மீட்டர் உயரமுள்ள இரும்புத் தாங்கிகளின் மேல் வைத்தால், மேடையை 0.9க்கு இறக்கி அடியில் நுழைந்து, 1.5க்கு உயர்த்தி ட்ரெய்லரே கலனைத் தூக்கிக்கொள்ளும். இறக்குவதும் அப்படியே. தாங்கிகளுக்கு இடையே ட்ரெய்லர் நுழையும் அகலம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஆலை வாசலுக்குள் கடைசி 500 மீட்டரை யாரும் சர்வே செய்வதில்லை, அது நம் இடம்தானே என்ற நினைப்பு. தோண்டி மூடிய கேபிள் பள்ளமும், மேலே குறுக்கே ஓடும் குழாய்த் தாங்கியும் அங்கேதான் இருக்கும்.

எத்தனை மாதம் என்றால், பாலம் எதையும் பலப்படுத்த வேண்டாம் என்ற நிலையில் சர்வே, பாலக் கணக்கு, அனுமதிகள், மின்துறை ஏற்பாடு எல்லாவற்றுக்கும் ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். பலப்படுத்த வேண்டியிருந்தால் ஒரு வருடத்துக்கு மேல். இந்த வேலையை முன்னால் செய்யாவிட்டால் அது மறைந்துவிடாது, சாலையில் வந்து நிற்கும். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்காக மகாராஷ்டிரத்திலிருந்து 2019 ஜூலையில் புறப்பட்ட சுமார் 70 டன் ஆட்டோகிளேவ் (உயர் அழுத்த வெப்பக் கலன்), கிட்டத்தட்ட 1,700 கிலோமீட்டர் கடந்து திருவனந்தபுரம் சேர்ந்தது 2020 ஜூலையில். வழியெல்லாம் மரம் வெட்டி, கம்பி தூக்கி, சாலையைச் சரிசெய்துகொண்டே வந்தார்கள். நடுவில் பொதுமுடக்கமும் சேர்ந்துகொண்டது. பிரான்சில் ஈட்டர் அணுக்கரு இணைவு உலைக்கு வேறு மாதிரி செய்தார்கள். 104 கிலோமீட்டர் வழியில் பாலங்களையும் ரவுண்டானாக்களையும் முதலிலேயே திருத்தி, கான்கிரீட் கட்டைகளை ஏற்றிய ஒரு சோதனை வண்டியை 2013இல் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் உண்மையான பாகங்களைச் சாலையில் இறக்கினார்கள்.

ஒப்பந்தத்துக்கு முன் கேட்க வேண்டியவை: படங்களோடு சர்வே அறிக்கை, சுமை வைக்கும் வரைபடம், ஆக்சில் எடை, கவிழும் கோணம், இழுவை, லாஷிங் ஆகியவற்றின் கணக்குகள். வண்டி நிற்கும்போது நாள் வாடகை யார் தலையில், கம்பி தூக்குவதும் தடுப்புச் சுவர் உடைத்துக் கட்டுவதும் யார் செலவு, எந்தப் பாலத்துக்கு யார் பணம் கொடுப்பது என்று பெயர் போட்டு எழுதுங்கள். மூன்று விலைப்புள்ளி வந்து ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால், மூவரும் ஒரே வழியைத்தான் கணக்கில் எடுத்தார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் மலிவான விலைப்புள்ளியில் ஒரு பாலம் காணாமல் போயிருக்கும்.